16⅔ சுற்று இசைத்தட்டுகளைக் கணினியில் பதிவது: முழுமையான வழிகாட்டி

பழைய நான்கு வேக ரெக்கார்ட் பிளேயர் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குமிழ் நினைவிருக்கும்: 16, 33, 45, 78. பாட்டுத் தட்டுகளுக்கு மற்ற மூன்றும் போதும். 16-க்கு யாராவது திருப்பினால், பாடுபவரின் குரலை இழுத்துக் கேட்டுச் சிரிக்கத்தான்.

அந்த எண்ணுக்கான தட்டுகள் உண்மையிலேயே இருந்தன. நிமிடத்துக்கு 16⅔ சுற்று, அதாவது 33⅓-இல் சரிபாதி. பெரும்பாலும் மனிதக் குரலுக்காகவே வெட்டப்பட்டவை. நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பேசும் புத்தகத் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் இந்த வேலையில் இறங்கினேன். அவற்றை முடித்த பிறகு இதே வேலையைத் தொடங்கிய சிலருக்குப் பக்கத்தில் இருந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கியது ஒரே இடத்தில்தான். கையில் கருவி இருந்தது. வேலைகளின் வரிசைதான் தவறியது. அதனால் வரிசையை விடாமல் எழுதுகிறேன்.

1. தட்டு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

ஊசியை வைக்கும் முன் லேபிளைப் படியுங்கள், அளவுகோலை எடுத்துத் தட்டின் குறுக்களவையும் நடுத்துளையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊசி, எந்த வேகம், நடுத்துளைக்கு என்ன செய்வது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

அதிகம் கைக்கு வருபவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பார்வையற்றோருக்காக வெளியிட்ட பேசும் புத்தகங்கள். இவை 1934-இல் 33⅓-இல் தொடங்கி, 1960-களின் தொடக்கத்தில் 16⅔-க்கு மாறி, 1970-களின் தொடக்கத்தில் 8⅓-க்கு இறங்கின. வேகம் குறையக் குறைய ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் கூடும். நாவல் ஒன்றைத் தபாலில் அனுப்பத் தேவைப்படும் தட்டுகளின் எண்ணிக்கை குறையும். ஆகவே ஒரே மாதிரி தோற்றமுள்ள இரு தட்டுகள் ஒரே வேகத்தில் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். 8⅓-இல் வந்த இதழ்கள் பல, மடங்கும் மெல்லிய தாள் போன்ற பிளாஸ்டிக் தட்டுகள்.

பிரிட்டனின் பேசும் புத்தகங்கள் வேறு. 1935-இல் தொடங்கிய அவை 24 சுற்றில் ஓடுபவை. புதியவர்களை அதிகம் ஏமாற்றும் வேகம் இதுதான். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

9 அங்குலத் தட்டு, நடுவில் 2 அங்குல ஓட்டை என்றால் அது சீபர்க் நிறுவனத்தின் பின்னணி இசைத்தட்டு. 1959-இல் வந்த சீபர்க் 1000 என்ற இயந்திரம் இப்படி 25 தட்டுகளை அடுக்கி வைத்து, கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆயிரம் பாடல்களை இருபுறமும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்கும். 7 அங்குலத்தில், மிக நெருக்கமான பள்ளங்களோடு, கொலம்பியா பெயரில் வந்தது என்றால் 1956 மாடல் கிரைஸ்லர் கார்களுக்காகப் பீட்டர் கோல்ட்மார்க் வடிவமைத்த ‘ஹைவே ஹை-ஃபை’ தட்டாக இருக்கலாம். காருக்குள் டேஷ்போர்டின் அடியில் பொருத்திய பிளேயரில் ஓடியது அது.

12 அங்குலத்தில் இசை இருக்கும் 16⅔ தட்டுகளும் உண்டு. பிரெஸ்டிஜ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் சில ஜாஸ் தட்டுகளை இப்படி வெளியிட்டது. எண்ணிக்கையில் குறைவு.

2. வேகத்தைச் சொற்களை எண்ணி உறுதி செய்யுங்கள்

லேபிள் கிழிந்திருக்கலாம், உறை மாறியிருக்கலாம். ‘கேட்டால் தெரிந்துவிடும்’ என்பதை நம்ப வேண்டாம். 16⅔ தட்டை 33⅓-இல் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சிடும், அது எவருக்கும் தெரியும். 8⅓ தட்டு குருவிக் கூட்டம் போலக் கேட்கும். ஆனால் 24 சுற்றுத் தட்டை 33⅓-இல் ஓட்டினால், கொஞ்சம் அவசரமாகப் பேசும் மெல்லிய குரல்காரர் போலத்தான் இருக்கும். வாசிப்பவரே அப்படிப்பட்டவர் என்று நினைத்து, ஒரு முழுப் புத்தகத்தையும் தவறான வேகத்தில் பதிந்து முடித்தவரை எனக்குத் தெரியும்.

எண்ணிப் பார்ப்பது எளிது. ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். நிதானமாக ஆங்கிலப் புத்தகம் வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 170 சொற்கள் வாசிப்பார். 33⅓-இல் ஓட்டும்போது 220-ஐ ஒட்டி வந்தால் 24 சுற்று. 300-க்கு மேல் வந்தால் 16⅔. எண்ணவே முடியாத வேகம் என்றால் பதிவைப் பாதி வேகத்துக்கு இறக்கி மறுபடி எண்ணுங்கள். அப்போதும் 300 வந்தால் அது 8⅓.

3. மேசையில் இருக்க வேண்டியவை

- 33⅓ நிலையாகச் சுழலும் டர்ன்டேபிள். 16 என்ற எண் தேவையில்லை.
- காந்தக் கார்ட்ரிட்ஜும் (ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் சிறு கருவி) நீள்வட்ட முனை ஊசியும்.
- ஊசி அழுத்தத்தை அளக்கும் சிறு தராசு.
- போனோ ப்ரீஆம்ப், அதாவது கார்ட்ரிட்ஜ் தரும் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் பெட்டி. யுஎஸ்பி டர்ன்டேபிளில் அது உள்ளேயே இருக்கும்.
- ஒலி பதியும் இடைமுகம், கணினி, ஆடாசிட்டி மென்பொருள். இலவசமாகவே கிடைக்கும்.
- வாலை வடிநீர், மைக்ரோஃபைபர் துணி, மென்மையான தூரிகை.
- ஒரு நோட்டுப் புத்தகம்.

நோட்டை அலட்சியம் செய்யாதீர்கள். எந்தத் தட்டு, எந்தப் பக்கம், ஓட்டிய வேகம், பதிந்த அளவு, ஊசியின் எடை என்று ஐந்து விஷயங்களை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு கோப்பின் வேகம் சந்தேகமானால் நோட்டைத்தான் கேட்க முடியும்.

4. 16 வேகப் பிளேயரைத் தேடி அலைய வேண்டாம்

புதியவர்கள் முதலில் செய்வது இதுதான். பழைய நான்கு வேகப் பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, பழுது பார்க்கச் செலவழித்து, கடைசியில் தட்டையும் கெடுத்துக்கொள்வது.

அந்தப் பிளேயர்களில் பெரும்பாலானவை ரப்பர் சக்கரம் வழியாகத் தட்டைச் சுழற்றுபவை. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த ரப்பர் ஓரிடத்தில் தட்டையாகி இருக்கும். அதனால் வரும் தடதடப்பு மெதுவான வேகத்தில் இன்னும் நன்றாகக் கேட்கும். கார்ட்ரிட்ஜும் படிக வகையாக இருக்கும். அது 5 கிராமும் அதற்கு மேலும் அழுத்தும். மெல்லிய பள்ளங்களில் அவ்வளவு எடையை வைத்து ஓட்டினால் ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகள் தேய்ந்துவிடும். தேய்ந்தது திரும்பாது.

அமெரிக்காவில் இருந்து வந்த பிளேயர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னழுத்தம் 110–120 என்பது எல்லோருக்கும் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுவார்கள். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுழல்வதால் எல்லா வேகமும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். 16⅔ என்பது 13.9 ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது.

லென்கோ எல்75, தோரென்ஸ் டிடி 124 போன்ற நல்ல இயந்திரங்களில் 16⅔ உண்டு. அப்படி ஒன்று நல்ல நிலையில், நவீனக் கார்ட்ரிட்ஜோடு உங்களிடம் இருந்தால் சரியான வேகத்திலேயே பதியுங்கள். பகுதி 11-ஐயும் 12-ஐயும் தாண்டிவிடலாம். இல்லாதவர்கள் 33⅓-இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் பாதியாக்குவதே நல்லது. 33⅓-க்கும் 16⅔-க்கும் இடையே உள்ள விகிதம் துல்லியமாக இரண்டு. தசமப் பிழைக்கே இடமில்லை.

ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். இரட்டிப்பு வேகத்தில் ஊசி நான்கு மடங்கு முடுக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. உரத்த இடங்களில் தடுமாறலாம். அதனால்தான் மலிவான கார்ட்ரிட்ஜ் இந்த வேலைக்கு ஆகாது.

5. ஊசியைத் தேர்ந்தெடுப்பது

பேசும் புத்தகத் தட்டுகளுக்கு வழக்கமான எல்பி (33⅓ சுற்று நெடுந்தட்டு) ஊசி போதும், அதாவது 0.7 மில், ஏறத்தாழ 18 மைக்ரான். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் உருண்டை முனையைவிட நீள்வட்ட முனை நல்லது. காரணம் இது: தட்டு மெதுவாகச் சுழலும்படி வெட்டப்பட்டதால் ஒவ்வொரு அலையும் பள்ளத்தில் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, 16⅔ தட்டில் 5,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றின் நீளம் சுமார் 35 மைக்ரான்தான். 8⅓ தட்டில் அதில் பாதி. உருண்டை முனையால் அந்த நெளிவுக்குள் சரியாக நுழைய முடியாது. தட்டை வேகமாக ஓட்டினாலும் பள்ளத்தில் உள்ள நெளிவின் நீளம் மாறுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சீபர்க் தட்டுக்கு 0.5 மில் ஊசி வேண்டும். ஹைவே ஹை-ஃபை தட்டுக்கு 0.25 மில். சாதாரண நீள்வட்ட ஊசி இவற்றுக்கு உதவாது, ஏனென்றால் அதன் முன்பக்க அகலம் அதே 0.7 மில்தான், பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பில் சவாரி செய்யும். ஒலியும் வராது, விளிம்பும் சிதையும். தனியாகத் தீட்டிய ஊசி கிடைக்கும்வரை அந்தத் தட்டுகளை உறையிலேயே வைத்திருங்கள். 78 சுற்றுக்கான 3 மில் ஊசியை இவற்றில் எதன் மீதும் வைக்கவே கூடாது. சில பழைய கார்ட்ரிட்ஜ்களில் இரண்டு ஊசிகளும் இருபுறமாக இருக்கும். புரட்டிவைத்ததைக் கவனிக்காமல் ஓட்டுவது அடிக்கடி நடக்கிறது.

ஊசி எடையைக் கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொன்ன வரம்பின் மேல் எல்லையில் வையுங்கள். 1.8 முதல் 2.2 கிராம் என்றால் 2.2. எடை குறைந்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் 1.5-க்கு இறக்குகிறார்கள். இரட்டிப்பு வேகத்தில் ஊசி துள்ளி, பள்ளத்தின் சுவரில் மோதும். எடையைவிட அந்த மோதல்தான் தட்டைக் கெடுக்கிறது.

6. கழுவுதல்

தட்டை உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, வாலை வடிநீரில் ஒரு துளி வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் வடிநீரில் இருமுறை. லேபிளில் நீர் படக்கூடாது. நிழலில், நிமிர்த்தி வைத்து, முழுதாக உலரவிடுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டால் நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் பூஞ்சை பிடித்துவிடும்.

குழாய்நீரில் உள்ள உப்பு பள்ளத்தில் படிந்து, உலர்ந்தபின் பொட்டுப் பொட்டென்று கேட்கும். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் தட்டு பளபளக்கும் என்று சிலர் செய்வார்கள். பளபளப்போடு தூசியும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். லேபிள் இல்லாத பழைய தட்டு வினைலா அரக்கா என்று தெரியாவிட்டால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அரக்குத் தட்டு அதில் கரையும்.

7. தட்டை நடுவில் உட்கார வைப்பது

சாதாரண நடுத்துளை உள்ள தட்டுகளுக்கு இந்தப் பகுதி தேவையில்லை.

சீபர்க் தட்டின் ஓட்டை 2 அங்குலம். 45 தட்டுக்கான அடாப்டர் 1½ அங்குலம்தான், உள்ளே ஆடும். அட்டையில் வட்டம் வெட்டி நடுவில் தையல் ஊசி முனையால் புள்ளி வைத்துத் துளையிடலாம். முப்பரிமாண அச்சு வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சுருதி ஏறி இறங்கும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் இடமும் வலமும் ஊசலாடுகிறதா என்று பாருங்கள். ஊசலாடினால் நடு தவறியிருக்கிறது.

மடங்கும் மெல்லிய தட்டுகளுக்குக் கீழே, இனி வேண்டாத ஒரு சாதாரண எல்பி தட்டை வையுங்கள். ரப்பர் விரிப்பின் மீது நேராக வைத்தால் மெல்லிய தட்டு அலையலையாக எழும்பி, ஊசியின் எடையிலேயே வழுக்கும். லேபிளின் மேல் இரண்டு நாணயங்களை எதிரெதிராக வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் எடை ஒருபக்கம் சாயும்.

8. 33⅓ உண்மையில் 33⅓-தானா?

இரண்டால் வகுக்கப்போவதால் இதிலுள்ள பிழை அப்படியே கடைசிவரை வரும். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, தட்டும் ஊசியும் வேலை செய்யும் நிலையில், நூறு சுற்றுகள் எண்ணுங்கள். சரியாக 180 விநாடி ஆக வேண்டும். 178 என்றால் ஒரு சதவீதத்துக்கு மேல் வேகம்.

கோடுகள் அச்சடித்த வேகச் சோதனைத் தட்டைப் பயன்படுத்துபவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ் வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். 33⅓-க்கு 180 கோடுகள் உள்ளது. 216 கோடுகள் உள்ளது அமெரிக்காவுக்கானது. வீட்டு எல்இடி விளக்குகள் பலவற்றில் துடிப்பே இருக்காது, அதனால் கோடுகள் நிற்பது போலத் தெரியாது. பழைய குண்டு பல்பு இருந்தால் எடுத்து வாருங்கள். எனக்கு எண்ணும் முறையில்தான் நம்பிக்கை.

9. பதிவு செய்வது

ஆடாசிட்டியில் மாதிரி வீதத்தை (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுவது என்பது) 96,000 ஹெர்ட்ஸ் என்றும், தரத்தை 24 அல்லது 32 பிட் என்றும் வையுங்கள். யுஎஸ்பி டர்ன்டேபிள் 48,000 வரைதான் தரும் என்றால் கவலை வேண்டாம். வேகத்தைப் பாதியாக்கிய பிறகும் 12,000 ஹெர்ட்ஸ் வரை மிஞ்சும்; பேச்சுக்கு அது தாராளம்.

ஸ்டீரியோவிலேயே பதியுங்கள். தட்டு மோனோ என்றாலும் இப்போது மோனோவாக்க வேண்டாம். ஒருபக்கச் சுவர் தேய்ந்து மறுபக்கம் நன்றாக இருக்கும் தட்டுகள் உண்டு. எந்தப் பக்கம் நல்லது என்பது பதிந்த பிறகுதான் தெரியும்.

இரட்டிப்பு வேகத்தில் காந்தக் கார்ட்ரிட்ஜ் இரட்டிப்பு மின்னழுத்தம் தரும், அதாவது 6 டெசிபல் கூடுதல். வழக்கமாக எல்பி பதியும் அளவிலேயே விட்டுவிட்டால் உச்சிகள் வெட்டுப்படும். தட்டின் உரத்த இடத்தைத் தேடி, அங்கே அளவுமானி −6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கணினியின் ஒலி அமைப்பில் ‘மேம்படுத்துதல்’, இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கீச்சுக் குரலை இரைச்சல் என்று நினைத்து இயந்திரம் விழுங்கிவிடும்.

ஊசியை இறக்குவதற்கு முன் பத்து விநாடி, தட்டு முடிந்தபின் ஊசியைத் தூக்கிப் பத்து விநாடி பதிவை ஓடவிடுங்கள். கரண்ட் ரீங்காரம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று அறிய அந்த வெற்று ஒலி வேண்டும். ஊசி தட்டில் இல்லாதபோதும் கேட்கும் ரீங்காரம் உங்கள் கம்பிகளுடையது. ஊசி இறங்கியபின் மட்டும் கேட்பது தட்டுக்குள்ளேயே இருப்பதாக இருக்கலாம், மோட்டார் அதிர்வாகவும் இருக்கலாம்.

எம்பி3-யில் ஒருபோதும் பதியாதீர்கள். குறைந்த தர எம்பி3 சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். வேகமாக ஓடும் தட்டில் அந்த இடத்தில் இருப்பது, உண்மையில் 8,000 ஹெர்ட்ஸ் ஒலிகள். மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. வேவ் கோப்பாக மட்டும் சேமியுங்கள்.

சேமித்ததும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தை வேறொரு வட்டில் வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் பிரதியில்தான். இதற்குமேல் சொல்லும் எதிலாவது தவறு செய்தால் தட்டை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை, ஊசிக்கும் தட்டுக்கும் ஒருமுறை உராய்வு மிச்சம்.

10. பொட்டுச் சத்தத்தை வேகமான நிலையிலேயே நீக்குங்கள்

அவசரக்காரர்கள் முதலில் வேகத்தைக் குறைத்து, குரல் சரியாக வருவதைக் கேட்டு மகிழ்ந்து, பிறகு சுத்தம் செய்யத் தொடங்குவார்கள். வரிசை தவறும் இடம் இதுதான். கீறலால் வரும் பொட்டுச் சத்தம் மூலப் பதிவில் கூர்மையான முள்ளாக நிற்கும். மென்பொருள் எளிதில் கண்டுபிடிக்கும். வேகத்தை மாற்றி, சமன் திருத்தி (பகுதி 12), வடிகட்டிய பிறகு அந்த முள் மழுங்கிப் பரவிவிடும். அப்புறம் அதற்கும் பேச்சொலிக்கும் வித்தியாசம் தெரியாது.

கிளிக் ரிமூவல் என்ற விளைவை மிதமான அளவில் தொடங்குங்கள். எவ்வளவு நீக்கினோம் என்று அறிய ஒரு வழி: திருத்தாத தடத்தின் பிரதியை இன்வர்ட் செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, திருத்திய தடத்தோடு சேர்த்து ஓட்டுங்கள். இரண்டுக்கும் பொதுவானது ரத்தாகி, நீக்கப்பட்டது மட்டும் கேட்கும். அதில் வெறும் பொட்டுச் சத்தம் இருந்தால் சரி. வாசிப்பவரின் ‘ஸ்’ கேட்டால் அளவு மீறிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். சிரமப்பட்டுப் படித்துப் பதிந்த ஒரு குரலின் பற்களைப் பிடுங்குவதைவிட நாலு பொட்டுச் சத்தத்தோடு கேட்பது மேல்.

இப்போது இரு தடங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒத்த தரம் என்றால் சேர்த்து மோனோவாக்குங்கள். மோனோ தட்டில் ஒலி பக்கவாட்டில் மட்டுமே இருக்கிறது, மேலும் கீழுமான அசைவு முழுக்க இரைச்சல். சேர்க்கும்போது அது பெருமளவு ரத்தாகும். ஒன்று மோசம் என்றால் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

11. வேகத்தைக் குறைப்பது

இரண்டு வழிகள். எனக்குப் பிடித்தது முதலாவது.

தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலைத் திறந்து, ரேட் என்பதில் 96,000-ஐ 48,000 ஆக மாற்றுங்கள். அவ்வளவுதான். ஒரு மாதிரிகூடத் திருத்தப்படுவதில்லை, அதே எண்கள் பாதி வேகத்தில் வாசிக்கப்படுகின்றன. 8⅓ தட்டுக்கு 24,000. 24 சுற்றுத் தட்டுக்கு 69,120 என்று கையால் எழுத வேண்டும். 48,000-இல் பதிந்தவர்கள் இந்த எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச் என்ற விளைவு. அதில் இருக்கும் தட்டு வேகப் பட்டியலில் 33⅓, 45, 78 மட்டுமே உண்டு. 16⅔-ஐத் தேடாமல் பெருக்கு எண்ணை எழுதுங்கள். 16⅔-க்கு 0.5, 8⅓-க்கு 0.25, 24-க்கு 0.72.

சேஞ்ச் டெம்போ என்பதைத் தொடாதீர்கள். அது சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் இழுக்கும். குரல் மெதுவாகும், ஆனால் கீச்சாகவே இருக்கும். வீடியோ பிளேயர்களில் உள்ள பாதி வேகமும் இதே வகைதான்.

இங்கே ஒரு சரிபார்ப்பு. அமெரிக்கத் தட்டில் ஒலிப்பதிவின்போதே நுழைந்த ரீங்காரம் இருந்தால், வேகம் சரியானபின் அலைக்கோவைப் படத்தில் 60 ஹெர்ட்ஸில் ஒரு முனை நிற்கும். பிரிட்டன் தட்டில் 50. பாதி வேகத்துக்கு இறக்கிய 16⅔ தட்டில் உங்கள் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் 25-க்கு இறங்கியிருக்கும். எல்லாத் தட்டிலும் இது கிடைக்காது; கிடைத்தால் வேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

12. சமன் திருத்தம்

பலரும் விட்டுவிடும் படி இது. விட்டால் குரல் டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருக்கும். தட்டே அப்படித்தான் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் எழுதுவார்கள். ப்ரீஆம்ப் அதை நேர்மாறாகத் திருப்பும். 1950-களின் நடுவிலிருந்து இதற்கான பொது அளவு, அமெரிக்க ஒலித்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ வளைவு. ஆனால் இரட்டிப்பு வேகத்தில் ஓட்டியபோது 500 ஹெர்ட்ஸ் ஒலி 1,000 ஹெர்ட்ஸாகத்தான் ப்ரீஆம்புக்குள் போனது. அது 1,000-க்கு உரிய திருத்தத்தைச் செய்தது. வேகத்தைக் குறைத்ததும் எல்லாத் திருத்தமும் ஒரு ஸ்தாயி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. விளைவாக நடுப்பகுதி எழும்பி, இரு ஓரங்களும் இறங்கியிருக்கும்.

ஃபில்டர் கர்வ் விளைவைத் திறந்து, வேகம் குறைத்த தடத்தில் இந்தப் புள்ளிகளை வையுங்கள். 33⅓-இல் ஓட்டிய 16⅔ தட்டுக்கு:

50 ஹெர்ட்ஸ்: +1.5 டெசிபல்
100: +2.5
200: +2
400: +0.6
800: 0
2,000: +1.6
4,000: +2.9
8,000: +3.4

33⅓-இல் ஓட்டிய 8⅓ தட்டில் வித்தியாசம் பெரிது:

50 ஹெர்ட்ஸ்: +3.5 டெசிபல்
100: +4.1
200: +2.2
500: 0
1,000: +1.4
2,000: +4.1
4,000: +5.9

ஆர்ஐஏஏ வளைவின் ஓர் அலைவெண்ணுக்கு உரிய மதிப்பிலிருந்து, இரு மடங்கு அல்லது நான்கு மடங்கு அலைவெண்ணுக்கு உரிய மதிப்பைக் கழித்து, மிகக் குறைந்த இடத்தைச் சுழியாக வைத்துக் கணக்கிட்டவை இவை. 1935-ஐ ஒட்டிய 24 சுற்றுத் தட்டுகள் ஆர்ஐஏஏ-க்கு முந்தியவை, அவற்றுக்கு இந்த அட்டவணை பொருந்தாது; காதை நம்பித் திருத்துங்கள். சீபர்க் தட்டுகளுக்கும் இதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு காதால் முடிவு செய்யுங்கள்.

13. ரீங்காரமும் இரைச்சலும்

வீட்டு மின்சாரத்தின் 50, 100, 150 ஹெர்ட்ஸ் ரீங்காரம், 16⅔ தட்டில் இப்போது 25, 50, 75 ஹெர்ட்ஸில் இருக்கிறது. 50-ஐ மட்டும் வெட்டிவிட்டு ‘இன்னும் கேட்கிறதே’ என்று கேட்பவர்கள் பலர். பேச்சு மட்டும் உள்ள தட்டு என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டி ஒன்றே பெரும்பாலானதைத் தீர்க்கும். இசைத்தட்டில் அப்படிச் செய்தால் பாஸ் வாத்தியம் போய்விடும். அங்கே அந்த மூன்று அலைவெண்களை மட்டும் குறுகலாக வெட்டுங்கள்.

பொதுவான இரைச்சல் குறைப்பைக் கடைசியில், சமன் திருத்தத்துக்குப் பிறகு, 6 டெசிபலுக்கு மேல் போகாமல் செய்யுங்கள். சமன் திருத்தும்போது மேலோரத்து இரைச்சலும் கூடுவதால் முன்பே குறைத்துப் பயனில்லை. அதிகம் குறைத்தால் குரலைச் சுற்றி நீருக்குள் இருந்து வருவது போல ஒரு குமிழியொலி சூழும். நான் பல தட்டுகளில் இந்தப் படியையே விட்டுவிடுகிறேன்.

14. பகிர்வதற்கு முன்

பதிந்து முடித்த மகிழ்ச்சியில் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். தட்டு வழக்கொழிந்தது, உரிமை வழக்கொழியவில்லை. அமெரிக்காவில் 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. பேசும் புத்தகங்கள் தகுதியுள்ள வாசகர்களுக்கு மட்டும் கொடுப்பதற்காக உரிமையாளர்களின் அனுமதியோடு தயாரானவை. உங்கள் ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

15. கோப்பைப் பிரித்துப் பெயரிடுதல்

ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாக, 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பின் பெயரில் நூல், தட்டு எண், பக்கம், அசல் வேகம், ஓட்டிய வேகம் ஐந்தும் இருக்கட்டும். நோட்டு தொலைந்தாலும் பெயர் பேசும்.

பேசும் புத்தகத்தின் தொடக்கத்தில் நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் வாசிப்பவர் பெயரும் சொல்லப்படும். சில தட்டுகளில் பக்கம் முடியும் இடத்தில் தட்டைத் திருப்பச் சொல்லும் குரலும் வரும். கதைக்குத் தேவையில்லை என்று இவற்றை வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டாதீர்கள். பல தட்டுகளில் வாசித்தவர் யார் என்பதற்கு லேபிளில்கூடத் தடயம் மிஞ்சியிருக்காது. அந்தப் பத்து விநாடியில் மட்டும்தான் அவர் பெயர் இருக்கிறது.